எதிர்வீட்டுக் கூரையின் அடிப்பக்கம்

"அதென்ன சாமி, எதிர் ஊட்டுலயும் என்ற பலகையே ஒட்டியிருக்குது?"

தன் வீட்டுப் பலகையை அடையாளம் கண்டு பச்சமுத்து கேட்டதும், வீட்டுப் படம் வரைந்து தரும் தீபிகாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. கணினித் திரையில், பச்சமுத்து கட்டப்போகும் வீட்டை அவள் கீழிருந்து காட்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து காட்டியபோது பச்சமுத்து கொட்டாவி விட்டிருந்தார்.

சங்ககிரியில் லாரி முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சமுத்து லாரி வாங்கும் விதமே தனி. பெயின்ட்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவார். வீட்டுக்கும் அதே சட்டம். சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரையின் அடிப்பக்கத்தை மூடுகிற பலகைக்கு தீபிகா 'சாஃபிட்' என்று பெயர் சொன்னாள். அது தேக்கு நிறத்தில் வேண்டுமென்று கேட்டு வாங்கியவர் அவர்தான்.

"வர்றவன் கீழ நின்னுதான பார்ப்பான்? கழுகா வரப்போவுது?"

நிஜத்தில் எதிரே இருப்பது வெறும் முள்ளுக்காடு. அவர் மனைவி மஞ்சுளாவின் அண்ணன் அர்த்தநாரியின் இடம். கோயில் விசேஷத்தில் முதல் மாலை யாருக்கு என்ற உலகப் பிரச்சினையில் மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. புது வீட்டைப் பார்த்து அர்த்தநாரி வயிறெரிய வேண்டும். வீடு கட்டுவதே அதற்குத்தான். குடியிருப்பதெல்லாம் அப்புறம்.

"அது சும்மாங்க ஐயா," என்றாள் தீபிகா. "தெரு வெறிச்சுன்னு இருக்குமேன்னு எதிர்ல ஒண்ணு வெச்சனுங்க. உங்க கூரையத்தான் காப்பி எடுத்தேன். இங்க மாத்தினா அங்கயும் தானா மாறிக்கும்."

"தானா மாறுமா? மச்சான் கம்ப்யூட்டருக்குள்ளயே ஆள் வெச்சுட்டானாட்ட இருக்குது!"

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கருந்தேக்கு நிறம் அடிக்கச் சொன்னார். எதிர்வீடும் கறுத்தது. பலகையில் வரிசையாக விளக்கு பதிக்கச் சொன்னார். எதிர்வீடு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

"பார்த்தியா, பார்த்தியா! என்ற காசுல அவன் லைட் போட்டுக்கறான்!"

ஓரத்து நாற்காலியில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்த மஞ்சுளா, "ஏனுங்க, படத்துல எரியற லைட்டுக்கு யாருங்க பில்லுக் கட்டறது?" என்றாள்.

அவள் அண்ணனுக்குத் தங்கை என்பதைப் பச்சமுத்து ஒருபோதும் மறந்ததில்லை. இங்கே பேசுவது அப்படியே மச்சானின் ஊரான மல்லசமுத்திரத்துக்குப் போகிறதோ என்று அந்தச் செல்போனை முறைத்தார்.

தீபிகா இரண்டு கூரைகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தாள். பச்சமுத்து அதோடு விட்டிருக்கலாம்.

"என்றதை ரோட்டுப் பக்கம் நல்லா நீட்டு. அவனுது சின்னதாத் தெரியோணும்."

நீட்டினாள்.

"அதுக்கடியில லாரி போவுமான்னு பார்க்கோணும். ஒண்ணை ஓட்டி உடு."

விட்டாள். லாரியின் தலை சாஃபிட்டைக் கிழித்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலை எட்டிப் பார்த்தது.

"கூரையத் தூக்கு."

தூக்கினாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஓர் ஆள் குனியாமல் நடந்து போகலாம்போல் இடைவெளி விழுந்தது.

"ஐயா, மழை பேஞ்சா சாரல் நேரா கட்டிலுக்கு வந்துருங்க."

"அதுக்குப் பேரு காத்தோட்டம். நீ தூக்கு."

கடைசியில் திரையில் நின்றது வீடே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்று வாஸ்து பார்த்துக் குடிவந்ததுபோல் இருந்தது. எதிர்வீடோ, அளவான கூரையும் தேக்குப் பலகையுமாக, புதுமணப்பெண் மாதிரி அடக்கமாக நின்றது.

"எதிர் ஊடு அம்சமா இருக்குதுங்க," என்றாள் மஞ்சுளா.

"உங்கண்ணன் சொல்லச் சொன்னானா?" பச்சமுத்துவின் மீசை துடித்தது. "சாமி, அந்த ஊட்டுப் பலகையப் பேத்தெடு!"

"வேண்டாங்க ஐயா..."

"சும்மா வெச்ச ஊடுன்னு சொன்னியே? பேக்கறதுக்கு உனக்கென்ன வலிக்குது?"

தீபிகா மஞ்சுளாவைப் பார்த்தாள். மஞ்சுளா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். இரண்டு பார்வைகளையும் பச்சமுத்து பார்த்தார். ஆக, எதிரி முகாம் இந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. அவர் சந்தேகப்பட்டது எதுவும் இதுவரை பொய்த்ததில்லை.

பலகை போனது. கூரைச் சட்டங்கள் விலா எலும்பாகத் தெரிந்தன. பார்க்க அதுவும் ஓர் அழகாக இருந்து தொலைத்தது.

"கூரையவே எடுத்துரு!"

"ஏனுங்க," மஞ்சுளா எழுந்தே விட்டாள், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமுங்க. உங்களை என்னுங்க பண்ணுது?"

அவள் கெஞ்சியதுதான் தாமதம். "எடுன்னா எடு!" என்று மேசையைத் தட்டினார். கூரை மறைந்தது. எதிர்வீடு மூடியில்லாத சோற்றுப் பெட்டி மாதிரி வாய் பிளந்து நின்றது. பச்சமுத்துவுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு முகம் மலர்ந்தது.

"இதான் ஃபைனல். ரெண்டு ஊட்டையும் ஒரே பேப்பர்ல பிரிண்ட் போடு. இந்தப் பச்சமுத்து கையெழுத்துப் போட்டா அப்பறம் எவனும் மாத்தக்கூடாது, ஆமா!"

இரண்டு வீடுகளுக்கும் குறுக்கே, வானத்தையும் சேர்த்துப் பிடித்து, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து, வீடு கட்டப்போகும் மேஸ்திரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பச்சமுத்து காகிதத்தைப் பெருமையாக நீட்டினார். மேஸ்திரி அதை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு பரிதாபமாக மஞ்சுளாவிடம் திரும்பினார்.

"ஏனக்கா, உங்கண்ணன் உங்களுக்கு எழுதிக் குடுத்த எடத்துல நீங்க கட்டற ஊட்டுக்குக் கூரையே வேண்டாம்னு, ஊட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுட்டாராட்ட இருக்குதுங்களே?"