கறுப்புத் திரை விழுங்கிய பெயர்கள்

யாருக்கு எப்போது என்ன நடக்கும் என்பது அந்தத் தெருவில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடையின் உள்ளறையில் அது வாசம் செய்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் இருட்டுத்திரை ஐயா. போன வருஷம் வரை வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவர். மெஷினைப் பிரித்துக் காட்டி விளக்கியபோது ஒருவரும் நம்பவில்லை. எதையும் விளக்காமல் கண்ணை மூடியபோது தெருவே நம்பியது. கடைவாசலில் தொடங்கிய வரிசை மருந்துக்கடையைத் தாண்டி வளைந்தது. மருந்து வாங்க வந்தவர்களே பாதிப் பேர் அதில் நின்றார்கள்.

உள்ளே நடந்தது இதுதான். பெயரைச் சொல்ல வேண்டும். ஐயா மௌஸை அழுத்துவார். கறுப்புத் திரையில் பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் வெட்டி மறையும். “வாசல் திறந்தது” என்பார். திரையில் திறந்த அந்த ஜன்னலை மௌஸால் பிடித்து ஓரமாக இழுப்பார். அதன் நிழல் நாலைந்தாகப் பின்னாலேயே இழுபட்டு வரும். “கூடவே வருது பாருங்க” என்பார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டுவார். பெயர் வெள்ளையாக மின்னினால் பிழைத்தீர்கள். கறுப்பு அதை விழுங்கிவிட்டால் கண்டம். பரிகாரம் உண்டு, மூன்று தவணையில். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஐயா முணுமுணுத்தபடி கையை அசைக்க, விழுங்கப்பட்ட பெயர் நீல ஒளியோடு மேலே வரும்.

செருப்புத் தேய்ந்தவர்களின் பெயரெல்லாம் பெரும்பாலும் பிழைத்துவிடும். நகையோடு வந்தவர்களைத்தான் திரை விழுங்கியது. விதி இவ்வளவு கச்சிதமாக ஆள் பார்க்குமா என்று யாரும் கேட்கவில்லை.

தையல்கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரின் மனைவியை அங்கே அழைத்துப் போனவள் மாடிவீட்டுக்காரி. புதிதாக எங்கே மகான் முளைத்தாலும் முதல் ஆளாகப் போய்விட்டு வந்து தெருவுக்குச் சொல்பவள். “கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? மனுஷன்தான் சொல்லுவான்” என்றாள். நல்ல இடத்துக்குப் போகிறோமே என்று மாஸ்டர் மனைவி இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்தி, மாடிவீட்டுக்காரியின் கனத்த சங்கிலியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஐயா சங்கிலியைப் பார்த்தார். மாஸ்டரின் பெயரைத் திரை ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

“கத்தி படக் கூடாது” என்றார் ஐயா.

மாஸ்டருக்குப் பித்தப்பையில் கல். உடனே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அந்த நாளை அவள் கடக்க விட்டாள். டாக்டர் திட்டிவிட்டு வேறு நாள் கொடுத்தார். மாஸ்டரோ வெட்டும் மேஜைமேல் வயிற்றை அழுத்திக் கவிழ்ந்து கிடந்தார். “வலிக்குதுடி” என்றால், “இன்னும் ரெண்டு தவணைதாங்க” என்று தலையைக் கோதிவிட்டாள். அன்பில் குறையே சொல்ல முடியாது.

இரண்டாவது தேதிக்கு முந்தைய நாள் மாஸ்டரின் தங்கை வந்து இறங்கினாள். மொத்த விலைக் கடை ஒன்றில் பில் போடுகிறவள். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்க லீவு போட்டு வந்தால், பை கூடக் கட்டியிருக்கவில்லை.

“அண்ணி, நாளைக்கு ஆப்பரேஷன். துணிமணி எங்க?”

“கத்தி படக் கூடாதாம். பேரு மறைஞ்சிடுச்சு.” விஷயம் முழுவதும் வெளியே வந்தது. வெளிச்சம் வெட்டியது, நிழல் கூடவே வந்தது, நீல ஒளி.

நாத்தனார் சிரிப்பை அடக்கியதில் மூக்கு விடைத்தது. “அண்ணி, இந்தப் பேய் எங்க கடைக்கும் வந்துச்சு. பார்க்க அழகா இருக்கும்னு முதலாளி மருமகன் எல்லாத்தையும் கறுப்பா மாத்தி வச்சார். பழைய சாஃப்ட்வேர், பாதி மாறுச்சு, பாதி மாறல. திறக்கும்போதெல்லாம் கண்ணுல வெள்ளை அடிக்கும். ஜன்னலை இழுத்தா பழைய படம் அழியாமப் பின்னாலேயே வரும். சில பெட்டியில கறுப்பு மேலயே கறுப்பு எழுத்து. நாங்க பரிகாரம் பண்ணல. மருமகனைத் திட்டிட்டு மறுபடியும் வெள்ளைக்கு மாத்திட்டோம்.”

“உனக்கு எல்லாத்துலயும் விளையாட்டு. உங்க அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“சரி, என்னையும் கூட்டிட்டுப் போங்க. நானும் கும்பிட்டுக்கிறேன்.”

போனார்கள். மாடிவீட்டுக்காரியும் ஒட்டிக்கொண்டாள், சங்கிலி அவளுடையதாயிற்றே. இரண்டாம் தவணைக்காக ஐயா மாஸ்டரின் பெயரைத் தட்டினார். திரை வழக்கம்போல விழுங்கியது. அவர் கையை அசைக்கப் போகும் நேரத்தில் நாத்தனார் பணிவாகக் குனிந்தாள்.

“ஐயா, அதுக்கு முன்னால எங்க அப்பாவுக்கும் ஒரு தடவை பாருங்களேன்” என்று பெயரைச் சொன்னாள்.

ஐயா அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். கழுத்தில் ஒன்றுமில்லை, செருப்பில் ஊக்கு. மேலே இருந்த பெட்டியில் மௌஸை வைத்துப் பெயரைத் தட்டினார். முத்து முத்தாக வெள்ளை எழுத்து.

“தீர்க்காயுசும்மா. தொண்ணூறைத் தாண்டுவார்.”

“ரொம்பச் சந்தோஷம். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகுது.”

ஐயா அசரவில்லை. “ஆத்மாவோட ஆயுசைச் சொன்னேன்.” கூட்டம் “ஆமா ஆமா” என்று தலையாட்டியது. மாடிவீட்டுக்காரிக்குப் புல்லரித்தே விட்டது.

“அப்போ உங்க பேரைக் கீழ்ப்பெட்டியில போடுங்க ஐயா. எங்க அண்ணன் பேரு போட்டீங்களே, அதே பெட்டி.”

“என் பேரைத் திரை தாங்காது.”

“தாங்குதான்னு பார்ப்போமே!” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். ஐயாவின் மேல் பக்திதான். ஆனாலும் வேடிக்கை என்று வந்துவிட்டால் பக்தி கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்க்கும். நாலு பேர் முன்னால் நெருக்கினார்கள். நாத்தனார் கீபோர்டை இழுத்து, மாஸ்டர் பெயருக்கு அடுத்த வரியில் ஐயாவின் பெயரைத் தட்டினாள். கறுப்பு, ஒரு எழுத்து விடாமல் விழுங்கியது.

“ஐயோ, ஐயாவுக்கே கண்டமா!” என்று ஓர் அம்மாள் அலறினாள். “எல்லாரும் கையில இருக்கிறதைப் போடுங்க, ஐயாவுக்குப் பரிகாரம் பண்ணணும்!” காணிக்கைத் தட்டு நகரவே தொடங்கிவிட்டது.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணி, இங்க பாருங்க. இதுதான் பரிகாரம்.” கண்ணை மூடவில்லை, முணுமுணுக்கவில்லை. அந்தக் காலி இடத்தின் மேல் மௌஸை அழுத்தி இழுத்தாள். நீலப் பட்டைக்குள் இரண்டு பெயரும் எழுந்து நின்றன. “எங்க கடையில ஒரு நாளைக்கு நூறு தடவை இதைப் பண்றேன். எனக்கு ஒரு பய காணிக்கை வச்சதில்ல.”

“தொடாதே!” என்று ஐயா எழுந்தார். அதற்குள் அவள் இரண்டு மூன்று இடத்தில் தட்டிவிட்டாள். திரை முழுவதும் வெள்ளைக்கு மாறியது.

கறுப்புக்குள் இத்தனை காலம் ஒளிந்திருந்த எழுத்தெல்லாம் வெளியே வந்தன. தலைப்பில் ‘சலவையகம் – துணி வரவு’. இடப்பக்கம் சட்டை, கால்சட்டை, போர்வை, திரைச்சீலை. மேல்பெட்டிக்குப் பெயர் ‘வாடிக்கையாளர்’. அதில் செத்துப்போன அப்பா. கீழ்ப்பெட்டிக்குப் பெயர் ‘கறை விவரம்’. அதில் மாஸ்டர். அவருக்கு அடுத்த வரியில் ஐயா.

எங்கோ இழுத்து மூடிய சலவைக் கடையிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர். துணி போனது, பில் போனது. மென்பொருள் மட்டும் தங்கி ஊர்மக்களின் தலையெழுத்தைச் சலவை செய்துகொண்டிருந்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மாஸ்டர் மனைவி சிரிக்கவில்லை. போர்வைக்கும் கால்சட்டைக்கும் பக்கத்தில் புருஷன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் மேஜைமேல சுருண்டு கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக விடாம நான் தடுத்தேன்” என்றாள். குரல் ஏறியது. “நீ அவரைக் கறைன்னு எழுதி வச்சியாடா?”

ஐயாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். கூட்டத்தில் சிலருக்கு மனம் இளகிவிட்டது. “வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதும்மா” என்றார் அவர். “டாக்டர் சொல்லித்தான் கறுப்பா மாத்தினேன்.”

அந்த அறையில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். தன் கண்ணுக்கு ஒன்று என்றதும் மனுஷன் நேராக டாக்டரிடம் போயிருக்கிறார்!

மறுநாள் மாஸ்டரின் வயிற்றில் கத்தி பட்டது. படுக்கையில் கண் விழித்ததும் வயிற்றைக் குனிந்து பார்த்து, “தையல் பரவாயில்ல. இன்னும் கொஞ்சம் நெருக்கமாப் போட்டிருக்கலாம்” என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாடிவீட்டுக்காரி நலம் விசாரிக்க வந்தாள். ஜன்னலோரம் சின்ன பாட்டிலில் இருந்த கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மாஸ்டர், இவ்வளவு கண்டத்தையும் தாண்டி வந்த கல்லு. இதை மோதிரத்துல பதிச்சுப் போட்டா நமக்கு ஏதாவது நல்லது நடக்குமா?”

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கொண்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எனக்குக் கல்லு வயித்துல இருந்துச்சுக்கா, சுலபமா எடுத்துட்டாங்க. உங்களுக்கு எங்க இருக்குன்னு முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க.”