எபினேசர் பிடித்த தண்ணீர்

“மன்னிக்கவும். இன்னும் கொஞ்சம் சிரியுங்கள்” என்றது மெஷின்.

சடையப்பன் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். ஓடைமேடு ஊராட்சியில் இருபது வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் அவர். அந்த முகம் சிரித்து அவர் பெண்டாட்டியே பார்த்ததில்லை. காலடியில் ஆறு காலிக் குடங்கள். ஆறும் சாவு வீட்டுக் குடங்கள்.

“மன்னிக்கவும். உங்கள் முகத்தில் வலி தெரிகிறது. மருத்துவரை அணுகவும்.”

“வலிதான்டி! எபினேசரு ஐஸ் பொட்டில படுத்துகினு கீறான். சொந்தக்காரங்க தொண்டை காஞ்சு போய் உக்காந்துகினு கீறாங்க. எப்புடி சிரிக்கறது?”

மெஷினுக்கு அதெல்லாம் புரியாது. அதற்குப் புரிந்தது பல் மட்டும்தான்.

தேர்வாய் கண்டிகைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஓடைமேட்டில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். ஊராட்சித் தொட்டியிலிருந்து வந்த ஒரே ஒரு தெருக்குழாயில்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓ.எம்.ஆர். சாலையில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கிற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு, மார்ச் மாதம் முடிவதற்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டிய கருணை கொஞ்சம் மிச்சம் இருந்தது. வந்தார்கள். குழாயைப் பிடுங்கினார்கள். அதே தொட்டித் தண்ணீரை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் விட்டு, கேமரா வைத்து, ‘புன்னகைத் துளி’ என்று பெயர் வைத்தார்கள். பெட்டிக்கு முன்னால் நின்று சிரித்தால் பச்சை விளக்கு எரியும். ஒரு குடம் தண்ணீர் விழும். சிரிக்காவிட்டால் விழாது.

“எதுக்கு சார் சிரிக்கணும்?” என்று திறப்பு விழாவிலேயே சடையப்பன் கேட்டார்.

கம்பெனியின் சமூகநலப் பிரிவு மேனேஜர் நிரஞ்சன் பொறுமையாக விளக்கினான். “தண்ணி குடுத்தோம்னு சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எத்தனை பேர் சந்தோஷமா இருக்காங்கன்னு சொன்னாத்தான் பாப்பாங்க. அதுக்கு டேட்டா வேணும். நூறு நாள்ல உங்க ஊர் மார்க் எண்பதுக்குக் கீழ போச்சுன்னா, மெஷினை வேற ஊருக்கு மாத்திடுவோம்.”

“அப்போ பழைய கொழா?”

அதற்கு நிரஞ்சனிடம் டேட்டா இல்லை. குழாய் அன்றைக்கே பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறிப் போயிருந்தது. ஊராட்சித் தலைவர் பூவராகவன் அதைக் கவனிக்கவில்லை. பேனரில் தன் படம் பெரிதாக வந்திருக்கிறதா என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஆக, மெஷின் போனால் ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தப் பயம் ஒன்றுதான் சடையப்பன் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. திறந்து நாலு நாள் ஆகியிருந்தது. மார்க் முப்பத்தொன்று.

எபினேசரின் தம்பி சாம்சன் வேகமாக வந்தான். சிப்காட்டில் ஒரு ஃபேக்டரி வாசலில் பன்னிரண்டு வருஷமாக செக்யூரிட்டி.

“இன்னாண்ணே, தண்ணி வருமா வராதா? அண்ணி மயக்கமா கீதுன்னு சொல்றாங்க.”

“நீ நின்னு பாரு.”

சாம்சன் நின்றான். “மன்னிக்கவும். கோபம் கண்டறியப்பட்டது” என்று சொல்லிவிட்டு மெஷின் வாயை மூடிக்கொண்டது.

சடையப்பன் தெருவைச் சுற்றிலும் பார்த்தார். எல்லா முகமும் அழுத முகம். அந்தத் தெருவிலேயே ஒரே ஒரு ஆள்தான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மின்கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில், எபினேசர். யாரோ கல்யாணத்தில் பிரியாணிப் பந்திக்கு முன்னால் எடுத்த படம்.

சடையப்பன் பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

“வணக்கம்! உங்கள் புன்னகைக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண்!” என்று மெஷின் குதூகலித்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஆறு குடமும் நிறைந்தன.

விஷயத்தைக் கேட்ட விக்டோரியா, ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். “உசுரோட இருந்தப்போ ஊட்டுக்கு ஒரு கொடம் தூக்கினு வந்தது கெடையாது. இப்போ பாரு, படுத்துக்கினே புடிச்சுத் தராரு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், வேலைக்குப் போகிற பெண்கள் சடையப்பனைச் சுற்றிக்கொண்டார்கள். “காலைல அஞ்சரைக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துடுது. அந்நேரத்துல பல்லு வெளக்கறதே பெருசு. இதுல பல்லைக் காட்டச் சொன்னா பேஜாரா கீதுண்ணே. அந்த எபினேசரை இங்கியே நிக்க வெச்சுடுங்களேன்.”

சடையப்பன் விக்டோரியாவிடம் கேட்டுக்கொண்டு, பேனரில் முகம் இருந்த பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி, அட்டையில் ஒட்டி, ஒரு குச்சியில் ஆணியடித்து மெஷின் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்கள் குச்சியைத் தூக்கிக் காட்டினார்கள், குடத்தை நிரப்பினார்கள், போனார்கள். பத்தே நாளில் ஓடைமேட்டின் மார்க் தொண்ணூற்றேழு.

இரண்டு மாதம் கழித்து நிரஞ்சன் போன் செய்தான்.

“சடையப்பன் சார், உங்க ஊர்ல ஒரு பயனாளி இருக்காரே, அவர் மட்டும் ஒன்பதாயிரம் குடம் புடிச்சிருக்கார். யார் சார் அது?”

சடையப்பனுக்குச் சட்டென்று பொய் வரவில்லை. “எபினேசருங்க.”

“பெரிய குடும்பமா?”

“ஊரே அவருக்குக் குடும்பந்தாங்க.”

நிரஞ்சன் மறுமுனையில் உருகிப் போனான். மறுநாளே, மெஷின் கேமராவில் பதிந்திருந்த எபினேசரின் முகம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. ‘இந்தச் சிரிப்புக்காகத்தான் நாங்கள் உழைக்கிறோம்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். லட்சம் பேர் பார்த்தார்கள். ‘இதுதான் உண்மையான செல்வம்’ என்றார் ஒருவர். பேனர் கடைக்காரன் எபினேசரின் தலைக்குப் பின்னால் போட்டிருந்த மேகத்தையும் புறாவையும் பார்த்து, ‘என்ன ஒரு தூய்மையான கிராமம்!’ என்று வியந்தார் இன்னொருவர். ஒரே ஒரு ஆள் மட்டும், ‘தண்ணி குடுக்க எதுக்குடா பல்லைப் பாக்குறீங்க?’ என்று கேட்டுவிட்டார். அவரை நாற்பது பேர் சூழ்ந்துகொண்டு, ‘நீ இந்தச் சமூகத்துக்கு என்ன செய்தாய்?’ என்று விரட்டியதில் அந்த மனிதர் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த போனில் இடி இறங்கியது. “நூறாவது நாள் விழா சார். பெங்களூர்லேர்ந்து வைஸ் பிரசிடென்ட் மேடம் வராங்க. எபினேசருக்கு ஷீல்டு, சால்வை. அவர் எல்லார் முன்னாடியும் சிரிச்சு ஒரு குடம் புடிக்கணும்.”

“அவரு... மேல போயிட்டாருங்க.”

“மேலன்னா?”

“மேல்மருவத்தூரு.”

“எபினேசர் மேல்மருவத்தூருக்கா?”

“சும்மா சுத்திப் பாக்கங்க.”

“விழாவுக்குள்ள வந்துடச் சொல்லுங்க. அவர் இல்லேன்னா மொத்த டேட்டாவும் சந்தேகமாயிடும். அப்புறம் மெஷின் அங்க நிக்கறது கஷ்டம்.”

சடையப்பன் அன்றைக்கே தலைவர் பூவராகவனிடம் ஓடினார். பூவராகவன் தாடையைச் சொறிந்துவிட்டு, “சாம்சனுக்கு மீசைய எடுத்து உட்டா அச்சு அசல் எபினேசருதான் நைனா. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?” என்றார்.

மீசை எடுக்கப்பட்டது. எபினேசரின் கல்யாணப் பந்திச் சட்டை போடப்பட்டது. சிரிப்பு மட்டும் வரவில்லை. மூன்று நாள் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கேட்டில் நின்று, போகிறவர் பையையெல்லாம் சந்தேகமாகவே பார்த்த முகம் அது. சிரிக்கச் சொன்னால், “அடையாள அட்டை இருக்கா?” என்று கேட்பது போலவே இருந்தது.

விழா நாளன்று குச்சிப் படத்தை மோட்டார் ரூமுக்குள் ஒளித்து வைத்தார்கள். மூன்று கார்கள் வந்தன. மேடம் இறங்கினார். நிரஞ்சன் இறங்கினான். மெஷினை மாட்டிக் கொடுத்த டெக்னீஷியன் பெண் ஷைனியும் இறங்கினாள். அத்திப்பட்டுக்காரி, நம்ம பக்கத்துப் பெண். ஊர் மொத்தமும் கூடி நின்றது. சாம்சன் குடத்தோடு மெஷின் முன்னால் போய் நின்றான்.

“மன்னிக்கவும். நீங்கள் புதிய பயனாளி. சிரியுங்கள்.”

நிரஞ்சன் புருவத்தைச் சுருக்கினான். “ஸ்மைல் பண்ணுங்க எபினேசர்.”

சாம்சன் பல்லைக் காட்டினான்.

“பயம் கண்டறியப்பட்டது.”

“உங்க பழைய சிரிப்பு, எபினேசர்! அந்த அழகான சிரிப்பு!”

அண்ணன் பெயரை இத்தனை பேர் இத்தனை தடவை கூப்பிட்டதும் சாம்சனுக்கு என்னவோ ஆயிற்று. சட்டையைக் குனிந்து பார்த்தான். குடத்தைக் கீழே வைத்தான். அத்தனை பேர் முன்னால் கேவிக் கேவி அழ ஆரம்பித்தான்.

“சோகம் கண்டறியப்பட்டது” என்றது மெஷின். “தண்ணீர் வழங்க இயலாது.”

சடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. நூறு நாளாக அடக்கி வைத்திருந்த கோபம் வெடித்தது.

“நிறுத்துங்க சார்! எபினேசரு செத்து மூணு மாசம் ஆவுது! அவரு படத்தைக் காட்டிதான் ஊரே தண்ணி புடிக்குது. விடிகாலைல பஸ்ஸைப் புடிக்க ஓடற பொம்பளைங்களுக்கு எங்கேர்ந்து சார் சிரிப்பு வரும்? தாகத்துக்குத் தண்ணி குடுங்கன்னா, பல்லுக்குத் தண்ணி குடுக்கறீங்களே! நல்லா இருந்த கொழாயப் புடுங்கிட்டீங்களே! தப்பு என் மேலதான். இன்னா தண்டனை வேணா குடுங்க, தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க.”

கூட்டத்தில் நின்ற விக்டோரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தமிழ் தெரியாத மேடம், “என்ன சொல்கிறார்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“நன்றி சொல்றார் மேடம். ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டார்” என்று நிரஞ்சனும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னான். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். காரில் வந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

நிரஞ்சன் முகத்தில் ஒரு சின்னப் பதற்றம்கூட இல்லை. கையில் இருந்த ஷீல்டைச் சத்தமில்லாமல் ஷைனியிடம் கொடுத்துவிட்டு, “அந்த இன்னொண்ணை எடுத்துக்கிட்டு வா” என்றான்.

ஷைனி கார் டிக்கியைத் திறந்து வேறொரு ஷீல்டை எடுத்து வந்தாள். பளபளவென்று அச்சடித்திருந்தது: ‘மகிழ்ச்சியின் முகம் - அமரர் எபினேசர்.’

சடையப்பன் அதைப் பார்த்தார். ஷைனியைப் பார்த்தார். “உங்களுக்கு... மின்னாடியே தெரியுமாம்மா?”

“பயப்படாதீங்கண்ணே, மெஷின் எங்கியும் போவாது” என்றாள் ஷைனி, குரலைத் தாழ்த்தி. “பன்னெண்டு ஊர்ல இதை மாட்டியிருக்கோம். இதுவரைக்கும் உசுரோட கீறவங்க ஒருத்தர்கூட பிரைஸ் வாங்கினதில்ல.”