கண்ணில் படாத கரப்பான்கள்

மனிதர்கள் இந்த உலகத்துக்கு வந்ததையும் போனதையும் எழுதி வைப்பதற்காக ஏற்பட்டது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். வந்துவிட்டுப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டவை கரப்பான்பூச்சிகள் மட்டும்தான். அவற்றில் பிறப்பு ஏராளம், இறப்பு அறவே கிடையாது. அதனால் அவற்றையும் பதிவு செய்வதென்று வைத்திருந்தாலும் இறப்புப் பிரிவு சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

மருந்தடிக்க அனுமதி கேட்டு வருடா வருடம் தலைமையகத்துக்கு எழுதுவார்கள். வருடா வருடம் பதிலும் வரும். கரப்பான் சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தது, எலி பண்டகப் பிரிவைச் சேர்ந்தது, எறும்பு எந்தப் பிரிவு என்பது பரிசீலனையில் உள்ளது என்று. இந்த விஷயம் எறும்புகளுக்குத் தெரியாததால் அவை எல்லாப் பிரிவுகளிலும் வேலை பார்த்தன.

புதிதாக வந்த பதிவாளர் முதல் நாள் டீயைப் பாதி குடித்துவிட்டு, கோப்பையின் அடியில் மீசை ஆடுவதைப் பார்த்தார். கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது?"

"கரப்பான் சார்."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"நான் வேலைக்குச் சேரும்போதே இருந்துச்சு சார். சீனியாரிட்டின்னு பார்த்தா..."

"ஒழிச்சுக் கட்டணும். உடனே. ஆனா ஒரு பைசா செலவு காட்டக்கூடாது."

கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம். அதற்குப் பதிவாளர் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். "என் வீட்டுல வீட்டுக்குறிப்பு வீடியோ போடுறாங்க சார். அடுக்களை அக்கான்னு பேரு" என்று சொல்லிவிட்டார்.

பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அடுக்களை அக்கா உங்க மனைவியா? அவங்களால எங்க வீட்டுல டூத்பேஸ்ட் பல்லு தேய்க்கக் கிடைக்கிறதில்லைய்யா. குழாய் பளபளக்க, ஷூ வெளுக்க, பல்லி விரட்டன்னு எல்லாம் தீர்ந்துபோகுது. நான் வெறும் பிரஷ்தான் போட்டுக்கிட்டிருக்கேன். எவ்வளவு பெரிய ஆளு! நாளைக்கே வரச் சொல்லுங்க."

வீட்டில் இந்தச் செய்தி எதிர்பார்த்தபடி வரவேற்கப்படவில்லை.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் மனைவி. "நம்ம வீட்டுக் கரப்பானே என்னை மதிக்கிறதில்ல. அங்க வந்து நான் என்ன பண்ண?"

அவள் சொன்னது உண்மை. சமையல் சோடாவும் சர்க்கரையும் கலந்து வைத்தால் கரப்பான் சாகும் என்று அவள் சொன்ன வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அவள் வீட்டுக் கரப்பான்கள் சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சோடாவைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தன. அதனால்தான் எல்லா வீடியோவையும் மேல்வீட்டுக்காரி சமையலறையில் எடுத்தாள். மேல்வீட்டுக்காரி ஆள் வைத்து மருந்தடிக்கிறவள்.

"லட்சம் பேர் உன்னைப் பார்க்கிறாங்க" என்றார் கணவர்.

"பார்க்கிறது எல்லாம் மனுஷங்க. கரப்பான் ஒண்ணுகூடப் பார்க்கல."

ஆனாலும் மறுநாள் வாசலில் அலுவலகக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "வாங்க மேடம்" என்றார். மதிப்புறு ஆலோசகர் என்று அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவளிடம் துண்டு எங்கே, சாவி எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆலோசனை யாரும் கேட்டதில்லை. அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அப்படி ஒன்றும் கசக்கவில்லை.

அன்று முதல் அலுவலகத்தில் இயற்கைமுறை ஒழிப்பு தொடங்கியது. ஜன்னல் விளிம்பெல்லாம் டூத்பேஸ்ட் பூசப்பட்டது. கோப்பு அடுக்குகளுக்கு நடுவே பூண்டு. பழைய காலுறைகளில் அந்துருண்டை போட்டு மின்விசிறிகளில் தொங்கவிட்டார்கள். விசிறி போட்டால் காலுறைகள் சுற்றிவந்து எல்லோர் தலையிலும் தட்டின. வெள்ளரித் தோல் மேஜைக்கடியில், காப்பித்தூள் மூலைகளில், சோடாவும் சர்க்கரையும் எல்லா இடங்களிலும். பதிவேடுகளின் மேல் வினிகர் தெளிக்கப்பட்டது. அலுவலகம் ஊறுகாய் ஜாடிக்குள் விழுந்ததுபோல மணத்தது. பதிவாளர் ஆழமாக மூச்சை இழுத்து, "இதுதான்யா ஆரோக்கியம்" என்றார்.

செலவு காட்டக்கூடாது அல்லவா? அதனால் மனுவோடு தலைக்கு ஓர் எலுமிச்சையும் ஒரு முழுப் பூண்டும் இணைக்கப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

ஒருநாள் ஒரு தையல்காரப் பெண் மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தார். பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். தோளில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் கடையிலிருந்து ஓடி வந்திருந்தார்.

கவுன்டர் எழுத்தர் மனுவை முகர்ந்து பார்த்தார். "பூண்டு இருக்கு. எலுமிச்சை எங்கம்மா?"

"பூண்டு மட்டும்தான்னு வாசல்ல சொன்னாங்க. எலுமிச்சை எதுக்கு சார்?"

"பூச்சி ஒழிக்க."

"அப்ப ஒழிஞ்சிருச்சா சார்?"

"ஒழிஞ்சிட்டா உங்ககிட்ட எதுக்கும்மா கேட்கப் போறோம்? விதண்டாவாதம் பேசாதீங்க. போய் எலுமிச்சையோட வாங்க. வாடினது வேண்டாம்."

ஊரில் இருந்த எலுமிச்சையெல்லாம் மனுக்களோடு போய்விட்டதால் அவருக்கு ஒன்று கிடைக்கச் சில நாளானது. அதற்குள் அலுவலகத்தில் நிலைமை முன்னேறியிருந்தது. சர்க்கரைக்காக எறும்புகள் வந்தன. வெள்ளரித் தோலுக்காக எலிகள் வந்தன. கரப்பான்களுக்காகப் பல்லிகள் வந்து, டூத்பேஸ்டின் மேல் நடந்து, சுவரெல்லாம் வெள்ளைக் கால்தடம் வைத்தன. முன்பு கோப்புகளுக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்த கரப்பான்கள், தங்களுக்காக இவ்வளவு ஏற்பாடு நடப்பதைக் கண்டு மேஜைக்கு மேலே வந்து உட்கார்ந்தன.

எழுத்தர்கள் முணுமுணுத்தார்கள். பதிவாளர் கூட்டம் போட்டார்.

"பூச்சி அதிகமாயிருச்சுன்னு சொல்றீங்க. யார் பார்த்தது?"

"எல்லாரும்தான் சார்."

"அப்ப தப்பு பூச்சி மேல இல்ல, பார்க்கிறவங்க மேல. வேலை நேரத்துல வேலையைப் பார்க்காம பூச்சியைப் பார்க்கிறது ஒழுங்கீனம். இனிமே யார் பூச்சியைப் பார்த்தாலும், எங்க பார்த்தாங்க, ஏன் பார்த்தாங்க, பார்க்கிறதுக்கு முன் அனுமதி வாங்கினாங்களான்னு எழுத்துமூலமா விளக்கம் தரணும்."

மறுநாளே பூச்சி அடியோடு ஒழிந்தது. ஒருவர் கண்ணிலும் ஒன்றுகூடப் படவில்லை. எழுத்தர் ஒருவரின் பேனாவின் மேலேயே ஒரு கரப்பான் ஏறி உட்கார்ந்தது. அவர் அதையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு பிறப்பை எழுதி முடித்தார். அலுவலகத்தில் பூச்சிகளே இல்லை என்ற அறிக்கை தலைமையகம் போனது. அங்கே ஆணையர் அதில் கையெழுத்திட்டு, அதற்கும் மேலே அனுப்பி வைத்தார். பாராட்டு விழா ஒன்றுக்கு நாள் குறித்தார்கள்.

தையல்காரப் பெண் வாடாத எலுமிச்சையோடு வந்தபோது எழுத்தர் பதிவேட்டைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வினிகர் பட்டு மை கரைந்து, அந்த வருடம் முழுவதும் நீலக் குளமாக நின்றது.

"உங்க பொண்ணு பிறக்கலையேம்மா."

"வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கா சார்."

"உட்காரட்டும், அதுக்குத் தடையில்ல. ஆனா பிறந்ததா இங்க எழுத்து இல்லையே. மையெல்லாம் அழிஞ்சிருக்கு."

"எப்படி அழிஞ்சுது?"

எழுத்தர் விரலில் ஒட்டிய நீலத்தைத் துடைத்துக்கொண்டார். காரணம் சொன்னால் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

அப்போது அடுக்களை அக்கா பக்கத்து அடுக்கில் பூண்டு மாற்றிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். நீலம் பரவிய தாள், அதன் ஓரத்தில் தன் கையால் தெளித்த வினிகரின் வாடை. பெஞ்சில் ஒரு சிறுமி காலை ஆட்டிக்கொண்டு, புதுப் பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தையல்காரப் பெண் அழவில்லை. எலுமிச்சையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே, "இதை வச்சுட்டுப் போகணுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டில் கணவர் துண்டு எங்கே என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு பேரை எழுதிக் கொடுத்திருங்க" என்றாள் அவள்.

"நானா எழுத முடியுமா? ஏன் அழிஞ்சுதுன்னு கேட்பாங்க. விழா முடியட்டும். என் பதவி உயர்வுக் கையெழுத்து..."

"பூச்சியும் உங்க கண்ணுக்குத் தெரியல, குழந்தையும் தெரியல. நல்லா உயருவீங்க."

விழாவன்று அலுவலக மண்டபத்தில் போட்ட மேடையில் ஆணையர் கேடயத்தோடு ஏறினார். பதிவாளர் வரவேற்றார். பூச்சிகளற்ற பொன்னுலகம் என்று பேச்சைத் தொடங்கி அதிலிருந்து இறங்கவே இல்லை. ஆணையர் பேச எழுந்தபோது, மேலே தொங்கிய காலுறையிலிருந்து ஒரு கரப்பான் இறங்கி அவருடைய வழுக்கையில் நின்றது. மண்டபமே பார்த்தது. மண்டபமே பார்க்கவில்லை. பதிவாளர் தன் ஷூவைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கூரையின் இன்னொரு பக்கத்தை ஆராய்ந்தார்.

அடுக்களை அக்கா எழுந்து நின்றாள்.

"சார், உங்க தலையில கரப்பான்."

ஆணையர் அசையவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அல்லவா? கரப்பான் நெற்றி வரை வந்து மீசையை நீட்டிப் பார்த்தது. அவர் நிமிர்ந்து, தெளிவான குரலில் சொன்னார்: "அம்மா, என் தலையில ஒண்ணுமே இல்ல."

இது கூட்ட நடவடிக்கைகளில் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதிவு செய்யப்பட்டது.

அவள் விடவில்லை. அன்றும் சான்றிதழ் கேட்டு மகளோடு வந்து பின்வரிசையில் நின்ற தையல்காரப் பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்கே கூட்டிக்கொண்டு போனாள். "சரி, தலையில இல்ல. இவங்க பொண்ணு பிறந்ததை நான் தெளிச்ச வினிகர் அழிச்சிருச்சு. அதையாவது பாருங்க. இல்லன்னா மறுபடியும் உங்க தலையைப் பத்திப் பேசுவேன்."

தலையைப் பற்றிய பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்த ஆணையர் அங்கேயே தாள் வாங்கி உத்தரவு எழுதினார். அதன்படி அன்றே சான்றிதழ் கிடைத்தது. மேற்படி குழந்தை பிறந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது என்று அதில் இருந்தது.

தையல்காரப் பெண் அதை வாங்கிப் படித்தார். மகளைப் பார்த்தார். "கருதுறாங்களாம்டி. பத்திரமா வச்சுக்கோ" என்றார். பள்ளியில் அதைச் சரிபார்த்து, ஆட்சேபணை இல்லை என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மதிப்புறு ஆலோசகரிடம், கரப்பானை ஏன் பார்த்தீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். அவள் 'இருந்தது' என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தாள். இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை ஏற்க விதியில் இடமில்லாததால் பதவி பறிக்கப்பட்டது. வீட்டுக்குத் திரும்பக் கார் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள்.

மறுநாள் அவள் மருந்தடிக்கிறவரைக் கூப்பிட்டாள். முதல் தடவையாகத் தன் சொந்தச் சமையலறையில் வீடியோ எடுத்தாள். கரப்பான்கள் உட்பட எதையும் மறைக்கவில்லை.

"இவ்வளவு நாளா நான் சொன்ன எதுவும் எங்க வீட்டுல வேலை செய்யல. சோடா, பூண்டு, வினிகர், எதுவுமே. நான் காட்டினது மேல்வீட்டு அடுப்பு. இந்த அண்ணன் வந்து மருந்தடிச்ச பிறகுதான் போயிருக்கு. உங்க வீட்டுலயும் ஆளைக் கூப்பிடுங்க. என்னை மன்னிச்சிருங்க."

இதோடு தன் கதை முடிந்தது என்று நினைத்தாள். திட்டுவார்கள், விலகிப்போவார்கள், போகட்டும். கடைசியில் போனை எடுத்தாள். பார்த்தால், அவளுடைய எந்த வீடியோவுக்கும் வராத அளவுக்குக் கேள்விகள் வந்து குவிந்திருந்தன. எல்லாம் ஒரே கேள்வி.

அந்த அண்ணன் முகத்தில் கட்டியிருப்பது பழைய பனியனா அக்கா? எப்படி வெட்டணும்?

"நான் சொன்னது ஒருத்தர் காதுலயும் விழலையாங்க?" என்றாள்.

"விழுந்திருக்கும். பனியனையும் சொல்லிரு, பாவம்" என்றார் கணவர்.

அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாததால் ஊரில் இருந்த மற்ற அக்காக்கள் எல்லோரும் சொன்னார்கள். பனியன் முகமூடி காய்ச்சலைப் போலப் பரவியது. பதிவாளர் வீட்டிலும் பனியன்கள் தீர்ந்துபோயின. அவர் வெறும் சட்டையோடு வந்து, தலைமையகத்தின் ஒப்புதல் பெற்று, புதுச் சுற்றறிக்கை வெளியிட்டார். சுகாதாரம் கருதி, பணியாளர்கள் யாவரும் பழைய பனியனால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். மூடும்போது மூக்கில் தொடங்கிப் புருவம் வரை மூடவேண்டும். இதனால் விளக்கம் எழுதும் நேரம் பெருமளவு மிச்சமாகும். மனுவோடு வருகிறவர்களும் அவ்வாறே வரவேண்டும். யோசனைக்கு மூலகாரணமாக இருந்த குடும்பம் என்பதால் கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்தர்கள் தடவித் தடவி எழுதினார்கள். வாசலுக்கு வெளியே தெருமுனை வரை வரிசை. எல்லோரும் பனியன் கட்டி, முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். கண்ணை மறைக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓரத்தை மடித்துத் தைக்கணுமா, அப்படியே விட்டுடலாமா என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.