மூன்றாவது வரிசைச் சிரிப்பு

ஜோக்கைச் சொல்லி முடித்துவிட்டுக் குடைக்காரர் காத்திருந்தார். துணி அலமாரிக்குள் யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்க அங்கே ஆளும் இல்லை. மனைவியின் மழைக்கோட்டும் இரண்டு கம்பளிச் சட்டைகளும்தான் தலைக்கு மேல் தொங்கின. எதிரொலி வராமல் பதிவு செய்ய வீட்டிலேயே அதுதான் தோதான இடம் என்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இருபத்திரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டிவியில் ஒரு கிழிந்த குடையோடு வந்து ஜோக் சொன்னவர். போன வருஷம் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். ஜனங்களெல்லாம் காதில் எதையோ செருகிக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து பேசும் யார் யாரையோ கேட்கப் போய்விட்டார்களாம். சேனல் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்ல சேனல் தலைவரே ஒரு பாட்காஸ்டுக்குத்தான் போயிருந்தார்.

சரி, நாமும் ஒன்று ஆரம்பிப்போம் என்று இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் பழக்க தோஷத்தில் இரண்டு விநாடி நிறுத்தினார். கேட்டவர்கள் நெட் கட்டாகிறது என்று நினைத்து அணைத்துவிட்டுப் போனார்கள்.

"நிறுத்தாமப் பேசுங்கப்பா" என்றாள் மகள்.

நிறுத்தாமல் பேசினார். செய்தி வாசிப்பது போல் இருக்கிறதென்று எழுதினார்கள்.

அவருக்கு வேண்டியது கைதட்டல்கூட இல்லை. ஒரே ஒரு சிரிப்பு. ஸ்டூடியோவில் எல்லாரும் சிரித்து ஓய்ந்தபின், ஒரு விநாடி தாமதமாக, குடத்திலிருந்து தண்ணீர் சாய்ந்தாற்போல் ஒரு பெண் சிரிப்பாள். மூன்றாவது வரிசையிலிருந்து வருவதாக அவருக்கு ஒரு கணக்கு. விளக்கு கண்ணை அடிப்பதால் முகம் தெரியாது. வாராவாரம் தவறாமல் வந்தாள். ஜோக் எழுதும்போதெல்லாம், மூன்றாவது வரிசைக்கு இது பிடிக்குமா என்றுதான் யோசிப்பார்.

வீட்டில் அந்த யோசனைக்கு இடமே இல்லை. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதிரே லாரி வந்தாலும் முகம் மாறாது. அவருடைய எப்பேர்ப்பட்ட ஜோக்குக்கும் உதட்டைப் பிரிக்காமல் ஒரு "ம்". அதுவே பெரிய விருது. ஒருகாலத்தில் அதே ஸ்டூடியோவில் விக் சீவிக்கொண்டிருந்தவள்தான். கல்யாணத்துக்குக் கேட்க ஏழு விதமாக எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார். முதல் வாக்கியத்தில் பாதிகூட ஆகவில்லை, "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி சீவ ஆரம்பித்துவிட்டாள். மிச்ச ஆறரையும் வீணாய்ப் போனதில் அவருக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

கடைசியில் சேனலின் பழைய சவுண்ட் இன்ஜினீயரைப் பிடித்தார். குண்டூசி விழுந்தாலும் எந்த மூலையில் என்று சொல்பவர் என்பதால் அவருக்குக் 'காது' என்று பெயர். நிகழ்ச்சியின் பழைய சிரிப்புகளையெல்லாம் தரச் சொன்னபோது காது ரொம்ப நேரம் தயங்கினார். அப்புறம் ஒரு பென் டிரைவைக் கையில் வைத்து, "பார்த்துப் போடுங்கண்ணே" என்றார்.

அண்ணன் பார்க்காமல் போட்டார். ஜோக்குக்கு ஜோக் முந்நூறு பேர் சிரித்தார்கள். அலமாரிக்குள்ளிருந்து பேசுவதாக அவரே முதலில் சொல்லியிருந்தார்; அதற்குள் எப்படி முந்நூறு பேர் என்று கேட்டவர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

எல்லாவற்றையும் வெட்டி எறிந்தார். ஒன்றை மட்டும் வெட்ட மனசு வரவில்லை. மூன்றாவது வரிசை.

அந்த வாரம் பாட்காஸ்ட் பற்றிக்கொண்டது. எழுதிய நாலாயிரம் பேரில் ஒருத்தர்கூட அவரைப் பாராட்டி எழுதவில்லை. யார் அந்தம்மா, அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு தடவை கேட்டேன், பெரியவர் கொஞ்சம் குறைத்துப் பேசினால் நன்றாகக் கேட்கலாம். இப்படி.

புகழ் கண்ணை மறைத்தது. "என் ரசிகை. அடுத்த வாரம் அவங்களே பேசுவாங்க" என்று பதில் போட்டுவிட்டார்.

போட்ட மறுநாள், பத்து லட்சம் பேர் கேட்கும் பாட்காஸ்ட் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேரும் வர வேண்டும். ஒருத்தர்தான் வர முடியுமென்றால் அந்தம்மா மட்டும் போதும். அதற்கு அடுத்த நாள் மைத்துனி போன் செய்து, உன் வீட்டுக்காரர் அலமாரிக்குள்ளே யாரோ பொம்பளையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாராமே என்று அக்காவிடம் பற்றவைத்தாள்.

அன்று காரில் வைத்துத்தான் மனைவி அந்தப் பாட்காஸ்டைக் கேட்டிருக்கிறாள். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய் மோதியும் அவள் பிரேக்கை மிதிக்கவில்லையாம். பதினெட்டு வருஷ வேலையில் முதல் தடவை.

சாயங்காலம் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"யாருங்க அது?"

பொய் சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். முகம் தெரியாது, பேர் தெரியாது, அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் இத்தனை வருஷமும் குடையைத் தூக்கினேன் என்றார். சொன்னபிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது.

மனைவி கார் சாவியை விரலில் இரண்டு சுற்று சுற்றினாள்.

"உங்களுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துதா?"

"ம்" என்றார். இந்தத் தடவை அந்தச் சொல் அவர் பக்கமிருந்து வந்தது.

"அப்போ போய்க் கண்டுபிடிங்க. ஆளைக் கூட்டிட்டு வர முடியலைன்னா, எந்த ஜோக்குக்குச் சிரிச்சாங்கன்னாவது கேட்டுட்டு வாங்க."

கோபமா, கிண்டலா? அந்த முகத்தில் என்றைக்கு எது தெரிந்தது?

சேனல் கட்டிடத்தில் பாதி இருட்டாக இருந்தது. அவருடைய ஸ்டூடியோவைக் குட்டிக் குட்டி அறைகளாகத் தடுத்துப் பாட்காஸ்ட்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் தண்ணீர் மெஷின் நின்றது. அதில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுத்தான் காதின் அறைக்குப் போனார்.

காது முதலில் மழுப்பினார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூணாவது வரிசைன்னு யாரும் இல்லண்ணே. ஒரே ஒரு தடவை பதிவானது அது. வாராவாரம் நான்தான் பட்டனை அமுக்கினேன். அதைக் கேட்டா உங்க முதுகு நிமிரும்."

குடைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரு பட்டனுக்காகவா எழுதினோம் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வருமா என்று பார்த்தார். வரவில்லை.

"சரிப்பா" என்றார் கடைசியில். "பட்டனாவே இருக்கட்டும். அந்த ஒரு தடவை யாரோ நெஜமாத்தானே சிரிச்சிருக்கா? எந்த ஜோக்குக்குன்னு மட்டும் சொல்லு. வீட்டுல கேட்டு அனுப்பியிருக்கா."

"அண்ணியா கேட்டு அனுப்பினாங்க?" காது அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஜோக்குக்குச் சிரிச்சதில்லண்ணே. மைக் ஆஃப்ல இருக்குன்னு நெனச்சு, காலி ஸ்டூடியோவுல நின்னு அண்ணிகிட்ட கல்யாணத்துக்குக் கேக்கறதை ஏழு விதமா ஒத்திகை பார்த்தீங்களே, அன்னிக்கு இந்த ரூம்ல விக்கை மடியில வெச்சுக்கிட்டு அண்ணி சிரிச்சது."