சாகாவும் இரண்டாம் வேற்றுமையும்

அந்த ஆண்டின் மாபெரும் தீர்மானத்தைச் சுகுமாறன் பல் துலக்கும்போது எடுத்தார். சாகாவைச் சாகவிடக் கூடாது!

முப்பது வயதைத் தாண்டிய சிவப்பு புரோட்டோன் சாகா அது. பெயரிலேயே சாகாவரம் வாங்கி வந்த வண்டி. ஆனால் ஜொகூர் பாருவின் வெயில் பெயரைப் பார்த்தா காய்கிறது? கூரையிலும் பானெட்டிலும் பெயின்ட் வெளுத்துத் தோல் உரிந்து நின்றது. போதாக்குறைக்கு, எதிர்ப்புற அங்சானா மரத்து மைனாக்கள் அதன்மீது நாள்தோறும் தங்கள் கருத்தைத் தெரிவித்து வந்தன.

"பிரேமா! முடிவு பண்ணிட்டேன்!" என்று வாய் நிறைய நுரையோடு சமையலறைக்குள் பாய்ந்தார்.

"துப்பிட்டு வந்து சொல்லுங்க."

துப்பிவிட்டு வந்தார். "சாகாவுக்குப் புதுப் பெயின்ட்! அதுக்கு மேல செராமிக் கோட்டிங்! கண்ணாடி மாதிரி வரும். அதுல மூஞ்சி பாத்து மீசையே சீவலாம்!"

"வீட்டுல கண்ணாடி இருக்குலா."

"உனக்கு ரசனையே இல்ல."

"இருக்குங்க. நல்லா பண்ணுங்க. ஸ்கூல் தொறந்ததும் நான் அதுலதான் போகப்போறேன்."

சுகுமாறனின் உற்சாகம் பாதி வழியில் நின்றது.

பிரேமலா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இலக்கணம் கற்பிப்பவர். நாற்பத்தேழாம் வயதில், ஏற்றத்தில் வண்டி நிறுத்தும் சோதனையில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்று லைசன்ஸ் எடுத்தவர். புது ஓட்டுநர்கள் ஒட்டவேண்டிய சிவப்பு 'பி' ஸ்டிக்கர்கள் இரண்டும் ஓராண்டாக அவர் கைப்பையிலேயே கிடந்தன. ஏனென்றால் சாவி கணவரின் சட்டைப்பையில் கிடந்தது. இதுவரை தன் காரில் ஏற்றிச் சென்ற சக ஆசிரியை சாந்தினி, குளுவாங்குக்கு மாற்றலாகிவிட்டார். பள்ளிப் பக்கம் பஸ் கிடையாது. மூன்று வார விடுமுறை முடிந்ததும் ஓட்டியாக வேண்டும்; இல்லையேல் தினமும் யாரிடமாவது கெஞ்சியாக வேண்டும். கெஞ்சுவது பிரேமலாவின் பாடத்திட்டத்தில் இல்லை.

சுகுமாறனோ, உயிரைக் கேட்டிருந்தால் யோசித்துப் பார்ப்பேன் என்றாவது சொல்லியிருப்பார். கேட்கப்பட்டது சாகா. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் அவரிடம் இல்லை. துணிச்சல் இல்லாத ஆண்களுக்கு இயற்கை வழங்கியிருக்கும் மாற்று ஏற்பாடு, திட்டம்.

தம்போயில் பெயின்ட் பட்டறை வைத்திருந்த வசந்தனிடம் வண்டியை ஒப்படைத்தார். வேலை சூடு பிடித்தது. களிமண் போன்ற ஒரு கட்டியால் தேய்த்துப் பல்லாண்டு அழுக்கை எடுத்தார்கள். மெஷின் பிடித்துக் கீறல்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள். கூரையிலும் பானெட்டிலும் புதுச் சிவப்பு ஏறியது. அது நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்தார்கள். சுகுமாறன் நாள்தோறும் மாலையில் போய், நாடி பார்க்கும் வைத்தியரைப் போல அருகில் நின்றார். கோட்டிங் போடவேண்டிய வாரம் வந்ததும் வசந்தனை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, ஒரு லெட்டர் வேணும். கோட்டிங் போட்ட வண்டிய ஒரு வருஷத்துக்கு ஒரே ஆள்தான் ஓட்டணும். மொதல்ல யாரு ஓட்டுறாங்களோ, அவங்க மட்டும்தான். கை மாறுனா கோட்டிங் வெடிச்சிடும். அப்படின்னு எழுது."

"எந்த ஊர்ல அண்ணே இப்படி ஒரு கோட்டிங்?"

"ஜப்பான்ல."

"அலமாக்! அக்கா டீச்சராச்சே, நம்புவாங்களா?"

"எழுத்துல இருந்தா நம்புவா. சாப்பு குத்திக் குடு."

பட்டறை முத்திரையோடு கடிதம் வீடு வந்தது. பிரேமலா அதை இருமுறை படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். சுகுமாறனுக்கு வியர்த்தது.

"'கைமாறினாள்'னு எழுதியிருக்காரு. யாருங்க மாறினா? எவ அவ?" ளகரத்தை அடித்து லகரம் ஆக்கினார்.

"மத்தபடி?"

"மத்தபடி ரொம்பத் தெளிவா இருக்கு. முதல்ல ஓட்டுறவங்கதான் ஒரு வருஷத்துக்கு ஓட்டணும். நீங்க ஒத்துக்கிறீங்களா?"

"நூத்துக்கு நூறு!"

"அப்ப ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் பூரிப்போடு போட்டார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போய் முதல் ஆளாக வண்டியை எடுப்பது. அதோடு ஓராண்டுக்குக் கவலை இல்லை. அன்றிரவு அவர் குறட்டையில்கூட ஒரு வெற்றி முழக்கம் இருந்தது.

சனிக்கிழமை, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சரக்குக் கணக்கெடுப்பு. ஸ்டோர் சூப்பர்வைசர் என்பதால் சுகுமாறன் காலையிலேயே போகவேண்டியதாயிற்று. பதினொரு மணிக்குக் கைப்பேசி அலறியது.

"ஏங்க, நான் வசந்தன் பட்டறையிலேர்ந்து பேசுறேன்."

"அங்க நீ எதுக்குப் போன?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஏங்க… சாகா மேல கோட்டைப் போட்டாச்சுங்க."

சுகுமாறனின் கையிலிருந்த பட்டியல் தரையில் விழுந்தது. கோடு! புதுப் பெயின்ட்டின் மேல் கோடு!

"யாரு? யாரு போட்டது?"

"வசந்தன்தான். அவர் கையாலயே போட்டாரு."

"எவ்ளோ நீளம்?"

"நீளமா? மூக்கிலேர்ந்து வாலு வரைக்குங்க. ஒரு இடம் பாக்கி விடல."

"ஐயோ! கூரையில?"

"கூரையில ரெண்டு தடவை போட்டாரு."

"ரெண்டு தடவையா! அடப்பாவி! நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"அழகாத்தாங்க இருந்துச்சு."

சுகுமாறனுக்குக் கண் இருண்டது. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் கதவுகளிலும் அந்தப் படுபாவி கோலம் போட்டுவிடுவான்! "பிரேமா, சொல்றதக் கேளு. அவன் கையில வண்டி ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. உடனே எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு!"

"யாரு ஓட்டுறது?"

"நீதான்!"

"நானா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஸ்பீக்கர்ல போடுறேன், வசந்தனும் கேக்கட்டும்."

"கேக்கட்டும்! திருட்டுப் பயலும் கேக்கட்டும், ஊரே கேக்கட்டும்! நீ ஓட்டு! நீயேதான் ஓட்டணும்!"

"சரிங்க அண்ணே," என்றது வசந்தனின் குரல், மிகுந்த மன வருத்தத்தோடு.

சுகுமாறன் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கிராப் டாக்சி பிடித்துப் பறந்து வந்தார். வழியெல்லாம் அவர் மனத்தில் சாகா கீறல் கீறலாகக் கிடந்தது. வீட்டு வாசலில் இறங்கியவர் அப்படியே நின்றார்.

போர்ச்சில் சாகா ஜொலித்தது! இப்போதுதான் பிறந்ததுபோல் ஜொலித்தது! வானம், வேலி, அங்சானா மரம், வாய் பிளந்த சுகுமாறன், எல்லாம் அதற்குள் தெளிவாகத் தெரிந்தன. மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். தலைமயிர் அளவுக்குக்கூட ஒரு கோடு இல்லை. முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் 'பி' ஸ்டிக்கர் மட்டும் இருந்தது.

"கோடு எங்க?" என்றார், ஏறக்குறைய ஏமாற்றத்துடன்.

"கோடா? நான் எப்பங்க கோடுன்னு சொன்னேன்? கோட்டு. செராமிக் கோட்டு. கோட்டைப் போட்டாச்சுன்னேன்."

"அது… கோட்டைன்னா கோடுதானே?"

"கோடு, ஐ சேர்ந்தா கோட்டை. கோட்டு, ஐ சேர்ந்தாலும் கோட்டை. இரண்டாம் வேற்றுமையில ரெண்டும் ஒண்ணுதான். என் பசங்களுக்கே தெரியும்."

சுகுமாறன் தம் வாழ்நாளில் முதன்முறையாக இலக்கணத்தைப் பற்றிச் சிந்தித்தார். சிந்தனை மெல்ல மெல்லச் சந்தேகமாயிற்று.

"பேசும்போது எவன் 'ஐ' சேக்கிறான்? 'கோட்டு போட்டாச்சு'ன்னு சும்மா சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் பிரேமலா.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தும் கடைசியாக ஒரு முறை கையை நீட்டினார். "சரி சரி, வீடு வந்து சேந்தாச்சுல்ல. சாவியக் குடு."

பிரேமலா கைப்பையைத் திறந்தார். சாவி வரவில்லை, சாப்பு குத்திய கடிதம் வந்தது. ஒரு வகுப்பையே அமைதியாக்கும் குரலில் படித்தார்: "முதலில் ஓட்டியவரே ஓராண்டுக்கு ஓட்டவேண்டும். கைமாறினால் வெடித்துவிடும். கீழே உங்க கையெழுத்து. நல்ல வண்டிங்க. வெடிச்சா எனக்கு மனசு தாங்காது."

பொய் என்று சொல்லலாம். சொன்னால், எழுதச் சொன்னது யார் என்று கேள்வி வரும். சுகுமாறன் ஜப்பானை நம்புவதென்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை காலை சாகா வீதியில் இறங்கியது. பிரேமலா சிக்னலைச் சரியாகப் போட்டு, வளைவில் அழகாகத் திருப்பினார். இடப்பக்க இருக்கையில், மடியில் சாப்பாட்டு டப்பாவுடன் சுகுமாறன். தொழிற்சாலை பஸ் நிற்குமிடத்தில் அவரை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சதாசிவம், குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன சுகு, ஒன் லைசன்ஸப் பறிச்சிட்டாங்களா?"

பிரேமலா கண்ணாடியை இறக்கினார். "பறிக்கலண்ணே. அவரே ஸ்பீக்கர்ல குடுத்துட்டாரு."