தெளிப்பா, முழுக்கா

கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகளாகத் தீர்க்க முடியாமல் திணறிய ஒரு சிக்கலை, வெள்ளிமலைக்குப் போன ஜீப்பில் உட்கார்ந்தபடியே தீர்த்துவைத்த பெருமை எங்கள் 'அத்தியாவசியக் கோட்பாடுகள் ஆய்வுக் குழு'வையே சேரும். அதன் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சிக்கல் இதுதான்: இரட்சிக்கப்பட ஒரு மனிதன் எவ்வளவு நனைய வேண்டும்? ஞானஸ்நானத்துக்குத் தலையில் தண்ணீர் தெளித்தால் போதும் என்பவர் சங்கராபுரம் போதகர் ஆல்பர்ட் ஐயர். ஆளையே முக்கி எடுக்க வேண்டும் என்பவர் வடக்கனந்தல் பாஸ்டர் ஜெயப்பிரகாஷ். ரேஷன் கடையில்கூட அத்தியாவசியப் பொருள் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். எங்கள் கூட்டங்களில் தீர்ந்தது டீ மட்டும்தான்.

இந்த நிலையில் மலையில் காற்றடித்து அம்சவள்ளி வீட்டுத் தகரக் கூரை பறந்துவிட்டது. சாமை விதைத்துத் தனியாகப் பிழைப்பவள். இரண்டு சபைகளுமே அவளை 'நம்ம விசுவாசி' என்று மேடைதோறும் சொல்லிக்கொண்டிருந்தன. உதவி கேட்டு ஆள் அனுப்பினாள். குழு உடனே புறப்பட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்திருந்தது. அம்சவள்ளி உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஜீப்பருகே வந்து நின்றாள். ஐயர் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

"உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யாரும்மா?"

"மொதல்ல நீங்கதாங்க தெளிச்சீங்க. அப்புறம் பாஸ்டர் ஆத்துல முக்குனாரு. நேத்திலேர்ந்து வூட்டுக்குள்ளயே ஊத்திக்கினு இருக்குது. இது இன்னா கணக்குல வருங்க?"

மூன்றாவது வகை எங்கள் ஆய்வு வரம்புக்குள் வராது என்று விளக்கினேன்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பார்த்தா தெளிப்பே போதும், ஐயரே. மொதல்ல நீங்கதான குடுத்தீங்க. அவங்க உங்க சபை. கூரைச் செலவும் உங்க கணக்குலதான் வரும்."

"அதெப்படி பிரதர்? முழுக்குதான் வேதத்துல இருக்கு. நான் தெளிச்சது வெறும் ஈரம். அவங்க உங்க சபைதான்."

ஒருவர் கோட்பாட்டை மற்றவர் இவ்வளவு உருக்கமாகத் தாங்கிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்குள் டிரைவர் பச்சமுத்து இறங்கிப் போயிருந்தார். எங்கள் இரு தரப்புக் கோட்பாட்டின்படியும் இரட்சிப்புக்கு வாய்ப்பே இல்லாதவர். வயலில் கிடந்த தகரத்தைத் தூக்கி வந்து, அம்சவள்ளியோடு சுவரில் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பேசி முடிச்சிட்டீங்களா?" என்று மேலிருந்து கேட்டாள் அம்சவள்ளி.

"முடிஞ்சதும்மா. தெளிப்பும் செல்லும், முழுக்கும் செல்லும்னு ஏகமனதா தீர்மானம்" என்றேன்.

"சந்தோசங்க. அப்ப இந்தக் கவுத்த புடிக்க யாராவது ஒருத்தரு எறங்கி வாங்க."

குழு கலந்தாலோசித்தது. ஐயர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

எவ்வளவு நனைய வேண்டும் என்பதில் கரைகண்ட நாங்கள், அன்று ஒரு சொட்டுகூட மேலே படாமல் மலையிறங்கினோம்.