ஐந்து நாள் துண்டு

இல. 47/3, அம்பிட்டிய வீதி,
கண்டி.
09.10.2014

வத்தளையில் இருக்கும் அன்புத் தங்கச்சி பெற்றீசியாவுக்கு அண்ணன் கபிரியேல் எழுதிக்கொள்வது.

ஆண்டவருடைய இரக்கத்தாலும், முகம் தெரியாத மூன்று பேர் கொடுத்த இரத்தத்தாலும் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். "நலம்" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீயும் மச்சானும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் நீ அழுவாய், பாதியில் எனக்கு மூச்சு வாங்கும், இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காது. ஆகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

என் முழங்காலை உனக்குத் தெரியும். மாநகர சபையில் இருபத்தொன்பது வருஷம் தண்ணீர் மீற்றர் வாசித்தவன் நான். கண்டியில் மீற்றரைச் சமதரையில் வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. அஸ்கிரியவில் ஏறி, கட்டுக்கலையில் இறங்கி, பென்சன் வாங்கிய அன்றே முழங்காலும் ஓய்வு எடுத்துக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு டொக்டர் பார்த்துவிட்டு மருந்துத் துண்டு எழுதினார். டைக்லோபெனக், காலையும் இரவும், சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாளைக்கு. கீழே வயிற்றுக்கென்று இன்னொரு குளிசை. எனக்கு வருத்தம் முழங்காலில்தானே, வயிற்றுக்கு எதற்கு என்று அந்த இரண்டாவதை வாங்காமலே வந்துவிட்டேன். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. ஐந்தாம் நாள் ஞாயிறு, பூசையில் முழந்தாளிட்டேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு முழந்தாளிட்டேன், பெற்றீசியா! உன் அண்ணி திரேசம்மா பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறாம் நாள் வலி திரும்பி வந்தது. அப்போது நான் என்ன நினைத்தேன் என்றால், டொக்டர் நாளை எண்ணுவதில் பிழை விட்டுவிட்டார் என்று. துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி மருந்துக்கடைக்குப் போனேன், கொடுத்தார்கள். இப்படியே போய்ப் போய்த் துண்டு மடிப்பில் கிழிந்தது. டவுனுக்குப் போய் லேமினேட் செய்துகொண்டேன். ஞானஸ்நானச் சான்றிதழைக்கூட நான் அப்படிக் காப்பாற்றியதில்லை. அக்குறணையில் முஹம்மது நானாவின் மருந்துக்கடையில் மட்டும்தான் அது எடுபடவில்லை. மனுஷன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன், இது அஞ்சு நாளைக்கு எழுதின துண்டு. நீங்க இதுக்குப் பிளாஸ்டிக் போட்டுக் கொண்டாறீங்க. நா தர மாட்டேன், டொக்டர்ட்ட போங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நான் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். நாலு வருஷத்தில் எனக்கு நல்லது சொன்ன ஒரே ஆள் அவர்தான், அவரோடுதான் பேசாமல் இருந்தேன்.

இதோடு நின்றிருந்தால் என் பாடு என்னோடு போயிருக்கும். மேல் வீட்டு இரத்தினம்மா டீச்சர் கழுத்துவலிக்குத் துண்டை இரவல் வாங்கினார். த்ரீவீல் ஓட்டும் டக்ளஸ் இடுப்புவலிக்கு வாங்கினான். மீற்றர் வாசித்த காலத்தில் இந்த ஊரில் என்னை வரவேற்றவை நாய்கள் மட்டும்தான். இப்போது மனுஷர்கள் கதவைத் தட்டி, "ஐயா இருக்காருங்களா?" என்று கேட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது? நான் நாக்கைப் பார்த்தேன், கண்ணை இழுத்துப் பார்த்தேன், ஒன்று போடு, இரண்டு போடு என்றேன். எனக்கே ஒன்று போதாமல் போனபோது டக்ளஸ் கட்டாரிலிருந்து வந்த சிவப்புக் குளிசை கொஞ்சம் தந்தான். இபுபுரோபன் என்று போட்டிருந்தது. பெயரும் வேறு, நிறமும் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன்.

ஓகஸ்ட் மாதத்தில் நெஞ்சு எரிந்தது. பிளேன்டீயைக் குறைத்தேன். பிறகு, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அந்தக் கிழமை ஒரு கல்யாண வீட்டில் கறுப்புத் தொதல் இனிப்பு நிறையச் சாப்பிட்டிருந்தேன், பழியை அதன் மேல் போட்டேன். தொதல் சாப்பிட்டு மூன்று கிழமை ஆன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுப் படி ஏற மூச்சு வாங்கியது. திரேசம்மா, "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்று தினமும் சொன்னாள். நானோ ஊருக்கே வைத்தியம் பார்க்கிறவன், எப்படிப் போவேன்?

செப்டெம்பர் மாதம் செபக் கூட்டத்தில் எல்லோரும் கையை உயர்த்தித் துதித்துக்கொண்டிருந்தபோது நான் அப்படியே சாய்ந்துவிட்டேன். ஆவி இறங்கிவிட்டது என்று கூட்டம் நினைத்தது. சுற்றி நின்று தலையில் கை வைத்துப் பாடத் தொடங்கினார்கள். எனக்கு எல்லாம் தூரத்தில் கேட்டது. யாரோ ஒருவர், "பாருங்க, முகத்தில என்னா வெளிச்சம்!" என்றார். திரேசம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "வெளிச்சம் இல்லீங்க, மனுஷன் வெளுத்துப் போயிட்டாரு! டக்ளஸ், வண்டிய எடு!" என்று கத்தினாள். வழியில் வாந்தி எடுத்தேன், கோப்பித்தூள் கரைத்த மாதிரி இருந்தது.

பேராதனை ஆஸ்பத்திரியில் மூன்று பைந்து இரத்தம் ஏற்றி, வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புண், அதிலிருந்து இரத்தம் போகிறது என்றார்கள். வார்டில் டொக்டர் யசோதா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் சட்டைப்பையில் இருந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

"ஐயா, இதை எத்தினை நாளா எடுக்கிறியள்?"

"துண்டுல உள்ளபடிதாங்க."

"இதில அஞ்சு நாள் எண்டெல்லோ கிடக்கு."

"ஆமாங்க. அஞ்சு நாள் முடிஞ்சதும் மறுபடி அஞ்சு நாள்."

அந்தப் பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன குரலில் சொன்னது: "இது கூடாத மருந்தில்லை ஐயா. வீக்கத்துக்கும் நோவுக்கும் நல்லாக் கேக்கும், அதுக்குத்தான் எழுதினது. ஆனா நோவைக் குறைக்கிற அதே வேலையில வயித்துக்கு இருக்கிற காப்பையும் குறைச்சுப்போடும். அதுக்குத்தான் மற்றக் குளிசை. நெடுக எடுத்தா கிட்னியும் பழுதாகும், பிரஷரும் ஏறும், இருதயத்துக்கும் ஆபத்து. நீங்கள் சேத்து எடுத்த சிவப்புக் குளிசையும் இதே சாதிதான்."

நான் அப்போது என் வயிற்றை நினைக்கவில்லை, கறுப்பையாவை நினைத்தேன். எங்கள் தெருமுனைக் கடையின் காவல்காரர். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள மனுஷன். முதுகுவலி என்று வந்தவருக்கு நான்தான் இரண்டு மாதம் கொடுத்தேன். கால் வீங்கியது என்றார், நின்றுகொண்டே வேலை செய்வதால் என்றேன். டொக்டரிடம் அவரைப் பற்றிச் சொல்லி, டக்ளசை அனுப்பிக் கூட்டிவரச் செய்தேன். கிட்னியில் பாதிப்பு இருந்தது. குளிசையை நிறுத்தியதும் வீக்கம் இறங்கியது. முழுதாகச் சரியாகுமா என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், மாதா மாதம் கிளினிக் போக வேண்டும். என் கட்டிலுக்கு வந்து, "விடுங்கையா. நீங்க கொடுத்தப்ப வலி நின்னுச்சு, நல்லா வேலைக்குப் போனேன்ல" என்றார். அவர் என்னை ஏசியிருக்கலாம், பெற்றீசியா. அந்த வார்த்தையோடு தினமும் நான் எப்படி விழித்தெழுவது? இரத்தினம்மா டீச்சருக்கும் டக்ளசுக்கும் ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம்.

இப்போது உன் விஷயம். போன நத்தார்ப் பண்டிகைக்கு உன் தோள்வலிக்கென்று அந்தத் துண்டின் போட்டோக் கொப்பி ஒன்றை வாழ்த்து மடலுக்குள் வைத்து அனுப்பினேன். நீயும் நல்ல சுகம் என்று பதில் எழுதினாய். இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே வீட்டில் உள்ள வலிக் குளிசை, வீக்கக் குளிசை, அஸ்பிரின், பெயர் தெரிந்தது, தெரியாதது, ஒன்று விடாமல் அள்ளி வெளியே கொட்டிவிடு. இது அண்ணனின் கட்டளை. இனி யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன் என்று மாதா சுரூபத்தின் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

மச்சானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம். இறைவன் உங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
களைத்துப்போன அண்ணன்,
ச. கபிரியேல்

பி.கு.: உறையில் முத்திரை ஒட்டிய பிறகு உன் அண்ணி கடிதத்தை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டு, "ஒங்களுக்குப் புத்தி வரவே வராதா? இனி மருந்து சொல்ல மாட்டேன்னு எழுதி, அதுக்கு மேல் வரியில என்னா எழுதியிருக்கீங்க? ரெண்டு வருஷத்துக்கு முன்ன நெஞ்சுவலி வந்து அவளுக்குச் சின்ன அஸ்பிரின் கொடுத்திருக்காங்க. அதை அவ பாட்டுக்கு நிறுத்தலாமா?" என்று கேட்டாள். மெய்தான். அந்த அஸ்பிரினோடு என் துண்டுக் குளிசையையும் சேர்த்து விழுங்கினால் இரத்தம் போகிற ஆபத்து இன்னும் கூடவாம், ஆனால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று உன் டொக்டர்தான் சொல்ல வேண்டுமாம். ஆகவே மேலே நான் இட்ட கட்டளையை நிறைவேற்றாதே. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நாளைக்கே டொக்டரிடம் போ. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணி உனக்குப் போன் எடுத்து, நான் மூன்று நாள் எழுதியதை மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டாள். நீ அழவும் இல்லையாம். இனி இந்தக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. முத்திரை ஒட்டிவிட்டபடியால் அனுப்புகிறேன்.